கதவின் நிறம்

பக்கத்து வீட்டில் சுவர் பூசுகிறார்கள். ஈரச் சாந்தின் மணம் வேலியைத் தாண்டி, யன்னல் இடுக்கால் நுழைந்து, என் குசினிக்குள் வந்து நிற்கிறது. மழை விழுந்த சுண்ணாம்பைப் போல, கழுவித் துடைக்காத சிலேட்டைப் போலக் குளிர்ந்த மணம். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் நின்றேன். கால்கள் கிழக்கு லண்டனில், அப்டன் பார்க்கில் நிற்க, மனம் நகரின் தென்கோடியில், மோர்டனில் ஒரு நீலக் கதவுக்கு முன்னால் நனைந்துகொண்டு நின்றது.

போன கிழமை, நான் முன்பு வேலை செய்த சட்டத்தரணிக் கந்தோரிலிருந்து ஒரு பிள்ளை ரெலிபோன் எடுத்தாள். சட்டம் படித்துவிட்டுப் புதிதாகச் சேர்ந்தவள், இங்கேயே பிறந்தவள். ஆங்கிலத்தில் ஓடுகிற பேச்சில் 'அன்ரி' என்னும் ஒரு சொல்லில் மட்டும் யாழ்ப்பாணம் கேட்கும். நீதிமன்ற விதிகள் மாறப்போகின்றனவாம். இனிமேல் பல அறிவித்தல்களை ஃபக்ஸில் அனுப்பினாலே போதுமாம். அப்படியென்றால் நீங்கள் எல்லாவற்றையும் கையிலா கொண்டுபோய்க் கொடுத்தீர்கள் என்று கேட்டாள். ஓம், கையில்தான் என்றேன். சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கு ரெலிபோனில் சொல்ல முடியாத பதில்தான் இது.

நான் வெளிக் கிளார்க்காக இருந்தவள். சட்டத்தரணி எழுதுவார், நாங்கள் நடப்போம். வழக்குப் பத்திரத்தை நீதிமன்றத்தில் முத்திரை குத்துவிப்பது, எதிராளியின் வாசலுக்கு அறிவித்தல் கொண்டுபோவது, கொடுத்துவிட்டோம் என்று சத்தியக் கடதாசி முடிப்பது, இவ்வளவும் எங்கள் வேலை. இரண்டு முழங்காலும் தேய்ந்து இந்த வயதிலேயே வீட்டில் இருக்கிறேன் என்றால் லண்டனின் படிகளைத்தான் கேட்க வேண்டும்.

எண்பத்துமூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்து இறங்கியவர்களில் நானும் ஒருத்தி. முதலில் அந்தக் கந்தோரின் தரையைத் துடைத்தேன். பிறகு கோப்புகளை அடுக்கினேன். வெளிக் கிளார்க்காக இருந்த கிழவர் ஒரு குளிர்காலத்தில் வழுக்கி விழ, மிஸ் ஹேல் என் சப்பாத்தைப் பார்த்துவிட்டு, இது நடக்கிற சப்பாத்துத்தானா என்று கேட்டார். ஓம் என்றேன். பயிற்சி அவ்வளவுதான்.

மிஸ் ஹேல்தான் எங்கள் கட்டடப் பிரிவுச் சட்டத்தரணி. மெலிந்த மனுசி. கோடையிலும் மண்ணிறக் கோட்டு, கோட்டுப் பையில் பெப்பர்மின்ட். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் பெப்பர்மின்டைக் கடிப்பார், அந்தச் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்கும். கந்தோர் நாட்குறிப்பில் ஒவ்வொரு கெடுவையும் கறுப்பில் எழுதுவார். அதற்கு ஒரு கிழமை முன்னால் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போடுவார். சிவப்பு எங்களுடையது, கறுப்பு அவர்களுடையது என்பார். கடைசி நாளில் எந்த ரயிலும் நின்றுவிடும், எந்தக் காவலாளிக்கும் தடிமன் காய்ச்சல் வந்துவிடும், ஆகவே அந்த நாளை நம் நாளாக எண்ணக்கூடாது என்பார்.

கொடுக்கும் முறையையும் அவர்தான் வகுத்து வைத்திருந்தார். எப்போதும் இரண்டு பிரதி. ஒன்று கொடுக்க, மற்றது ஒப்பம் வாங்க. கொடுத்து முடிந்ததும் தெரு மூலைக்குப் போய், மழையோ வெயிலோ, அங்கேயே நின்று பிரதியின் பின்பக்கத்தில் எழுத வேண்டும்: யார் திறந்தது, என்ன சொன்னது, கதவு என்ன நிறம். கதவின் நிறம் எதற்கு என்று முதல் நாள் கேட்டேன். பொய் சொல்ல வருகிறவன் பேச்சைச் சோடித்துக்கொண்டு வருவான், கதவை மறந்துவிட்டு வருவான் என்றார். அதிலிருந்து இந்த நகரத்தை நான் கதவு கதவாகத்தான் அறிவேன். ஹாக்னியில் உரிந்த பச்சை. பெக்கமில் எண் இல்லாத வெள்ளை. கென்சிங்ரனில் முகம் தெரிகிற கறுப்பு.

ஒரு நாள் ஓர் ஐரிஷ்காரர் வந்தார். கூரை வேலைக்காரர், கழுத்தெல்லாம் வெயில். பெரிய கொம்பனி ஒன்று அவருக்குக் காசு தராமல் முறிந்துபோயிருந்தது. அப்படி நடந்தால் வேறொரு கொம்பனி காசைக் கொடுக்கும் என்று அந்த வேலைக்கு ஒரு பிணைப் பத்திரம் இருந்தது, ஆனால் அதன் கெடு முந்தின நாள் மாலையோடு முடிந்துவிட்டது. மிஸ் ஹேல் பத்திரத்தை இரண்டு தரம் வாசித்தார். மூன்றாம் தரமும் வாசித்தார். நேற்று வந்திருக்கலாமே என்று அவர் சொல்லவில்லை. சீனி எத்தனை கரண்டி என்று கேட்டார். அந்த மனிதர் தேத்தண்ணீரைக் குடித்து, கோப்பையைத் தானே கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டுப் போனார். அன்று பின்னேரம் முழுக்கப் பெப்பர்மின்ட் உடைகிற சத்தம் கேட்டபடி இருந்தது.

இந்த நாட்டுச் சட்டம் அப்படி. சுவரில் பூசிய சாந்து சுவருக்குச் சொந்தம். பூசியவனுக்குக் காசு வராவிட்டால் அவன் சுரண்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. அமெரிக்காவில், கூலி கிடைக்காதவன் அந்தக் கட்டடத்தின் மீதே பற்றுரிமை பதியலாமாம். இங்கே அது கிடையாது. ஆனால் இந்தத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஆற்றங்கரைப் பழைய பண்டகசாலை ஒன்றை வாங்கி வீடுகளாக மாற்ற வந்த அமெரிக்கர் ஒருவர், தன் ஊர்ப் பழக்கத்தையும் கூடவே கொண்டுவந்தார். பிரதான ஒப்பந்தக்காரர் கீழ்வேலைக்காரருக்குக் காசு கொடுக்காவிட்டால் ஒரு பிணைக் கொம்பனி கொடுக்கும் என்று பத்திரம் எழுதுவித்தார். அந்த ஒப்பந்தக்காரர் எங்கட ஆள். மோர்டன் ஞானசேகரம். சுவர் பூசுகிற வேலையை அவரிடமிருந்து எடுத்தவரும் எங்கட ஆள். எட்மண்டன் செல்வரத்தினம் அண்ணை.

வேலை முடிந்தது. காசு வரவில்லை. நாடு முழுக்கக் கட்டட வேலை படுத்திருந்த காலம் அது. மற்றவர் யாராவது என்றால் செல்வரத்தினம் அண்ணை முதல் மாதமே சட்டத்தரணியைப் பிடித்திருப்பார். ஞானசேகரம் என்றபடியால் பொறுத்தார். ஒரே ஊர், ஒரே பள்ளிக்கூடம், ஒரே கோயில் தேர். எங்கட ஆள் விடமாட்டான் என்று தன் வீட்டை வங்கியில் ஈடு வைத்து, தன்னிடம் வேலை செய்த பெடியளுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்தார். கடைசியில் எங்களிடம் வந்தபோது மிஸ் ஹேலின் சிவப்புக் கோடு வர இன்னும் நாள் இருந்தது. பத்திரத்தைப் பார்த்து, இது நடக்கும் என்றார் மிஸ் ஹேல். அந்தக் கிழமைதான் ஞானசேகரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார், எழும்பவில்லை.

செல்வரத்தினம் அண்ணை பிணைக் கொம்பனிக்கான கோரிக்கையில் ஒப்பம் வைக்க மறுத்துவிட்டார். செத்த வீட்டில் எல்லாம் அவர்தான் நின்று செய்தவர். பெட்டியைத் தோளில் தூக்கினவர். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடியட்டும், தீட்டுத் துடக்குக் கழியட்டும், பிறகு பார்ப்போம் என்று சொல்லிவிட்டு எழுந்தார். அந்தியேட்டிக்கு முன்னமே பத்திரம் காலாவதியாகிறது என்று நான் தமிழில் சொன்னேன். தெரியும் என்றார். சிவப்புக் கோடு அவரில்லாமலே கடந்து போனது.

கறுப்பு நாளுக்கு முதல் நாள் மிஸ் ஹேல் என்னைக் கூப்பிட்டார். கட்சிக்காரரை வற்புறுத்த எங்களுக்கு உரிமை இல்லை, ஆனால் விஷயம் முழுதும் விளங்கித்தான் விடுகிறாரா என்று பார்க்காமல் இருக்கவும் உரிமை இல்லை, போய்ப் பார் என்றார்.

எட்மண்டன் வீட்டின் மாடிப்படியில் பெடியள் வரிசையாய்க் குந்தியிருந்தார்கள். சப்பாத்தில், தலைமயிரில், இமையில்கூடச் சாந்து. வேறு வேலை கிடைக்காமல், கிடைத்த சில்லறை வேலையிலிருந்து நேராக வந்து, இன்றைக்காவது ஏதும் தருவார் என்று காத்திருந்தார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த மணம்தான் படி முழுக்க நின்றது. குசினி மேசையில் நான் பத்திரத்தை விரித்தேன். அண்ணை பார்க்கவில்லை.

"உமக்குத் தெரியாதோ தங்கச்சி? செத்த வீட்டு வாசலில போய் நிண்டு, காசு தா எண்டு கேக்கிறதோ?"

"நீங்கள் கேக்கிறது பிணைக் கொம்பனியிட்டை அண்ணை."

"பேப்பர் போறது அவன்ர பெண்சாதியிட்டையெல்லோ."

அது உண்மைதான். பத்திரம் அப்படித்தான் சொன்னது. அறிவித்தலை ஞானசேகரத்தின் கொம்பனி அதிகாரி ஒருவரின் கையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்கி, அந்தப் பிரதியோடுதான் கோரிக்கையைப் பிணைக் கொம்பனியில் சேர்க்க வேண்டும். அந்தக் கொம்பனிக்குக் கடதாசியில் இரண்டே அதிகாரிகள். ஒருவர் ஞானசேகரம். மற்றவர், எங்கள் சனத்தின் சின்னக் கொம்பனிகளில் வழமைபோல, செயலாளர் என்ற பெயரில் மனைவி. கொம்பனியின் விலாசமும் அந்த வீடுதான்.

நான் படியைக் காட்டினேன். "பெடியளுக்குத் துடக்கில்லை அண்ணை. அவங்கள் நாளைக்கும் சாப்பிட வேணும்."

அண்ணை எழுந்து படிப்பக்கம் எட்டிப் பார்த்தார். பிறகு பேனையை வாங்கி ஒப்பம் வைத்தார். வைத்துவிட்டு, "நான் வரேலாது. நீர் போம்," என்றார்.

அடுத்த நாள் மத்தியானத்துக்கு முன்னமே மோர்டனில் இருந்தேன். வாசலில் சப்பாத்துகளும் செருப்புகளும் குவிந்திருந்தன. உள்ளே திருவாசகம் படிக்கிற குரல். செத்த வீட்டுக்கு வருகிறவளை எங்கள் சனம் ஏன் வந்தாய் என்று கேட்காது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு, பெண்களோடு பெண்ணாய் நிலத்தில் இருந்து, ஞானசேகரத்தின் மனைவியின் கையைப் பிடித்து, பிறகு மெல்லப் பேப்பரை எடுத்திருக்கலாம். தொழிலில் அதைக் கெட்டித்தனம் என்பார்கள். என்னால் ஏலாது. துக்கம் கேட்க வந்தவள் மாதிரி அந்த வாசலைக் கடந்தால், பிறகு எந்த வாசலிலும் நான் எங்கட ஆளாய் நிற்க முடியாது. சப்பாத்தைக் கழற்றவில்லை. உறையை எல்லாருக்கும் தெரியக் கையில் பிடித்துக்கொண்டு மணியை அடித்தேன்.

கதவைத் திறந்தது அந்த மனுசியின் தமையன். தாடி வளர்ந்த முகம், நித்திரை இல்லாத கண். என்ன அலுவல் என்று சொன்னேன். உறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"வெள்ளைக்காரியின்ர கந்தோரில தமிழ் ஆளை வச்சிருக்கிறது இதுக்குத்தானோ?" என்றார். "அந்தியேட்டி முடிய வாரும்."

கதவு சாத்துப்பட்டது. அவரில் பிழை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நான் போகவும் இல்லை. நடைபாதைக்கு இறங்கி, எந்த யன்னலிலிருந்து பார்த்தாலும் தெரிகிற இடத்தில் நின்றேன். மழை தொடங்கியது. துடக்கு வீட்டில் அடுப்பு எரியாதென்று சட்டியும் பானையுமாய்ச் சாப்பாடு கொண்டுவந்த பெண்கள் ஒவ்வொருவரும் என்னைக் கடந்தார்கள். ஏன் பிள்ளை வெளியில நிக்கிறீர், உள்ளுக்கை வாரும் என்றாள் ஒருத்தி. அலுவலாய் வந்தனான் என்றேன். அவள் சட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு விலகிப் போனாள். உறையைக் கோட்டுக்குள் வைத்தேன். கால் விறைத்தது. வெறும் கையோடு திரும்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். கதவில் ஒட்டிவிட்டு வந்ததாகச் சத்தியம் முடிக்கலாம், பிணைக் கொம்பனி ஒப்பம் எங்கே என்று கேட்டு வருடக்கணக்கில் இழுக்கும், அதற்குள் எட்மண்டன் வீடு போய்விடும். மீண்டும் மணியை அடித்தேன். ஒருவரும் வரவில்லை. மீண்டும் நின்றேன்.

பின்னேரம் நாலு மணிக்குக் கிட்ட, நான் மணி அடிக்காமலே கதவு திறந்தது. அந்த மனுசியே நின்றார். வெள்ளைச் சேலை, நெற்றி வெறுமை. பின்னால் தமையன்.

"மத்தியானம் துவங்கி நிக்கிறியள். ஆர் அனுப்பினது?"

சொன்னேன். செல்வரத்தினம் என்ற பெயரைக் கேட்டதும் அவர் கண் மூடித் திறந்தது.

"அவர் ஏன் வரேல்லை?"

"வெக்கப்படுறார் அக்கா."

"நேற்றும் வந்து கதிரை அடுக்கிப் போட்டுப் போனவர். ஒரு சொல்லுச் சொல்லேல்லை." உறையை வாங்காமல் பார்த்துக்கொண்டு நின்றார். "இதில கையெழுத்து வச்சால் எங்கட வீடு போகுமோ?"

போகாது என்று சொல்ல வாய் உன்னியது. பிணைக் கொம்பனி கொடுக்கிற காசைப் பிறகு செத்தவருடைய கொம்பனியிடம் கேட்கும். அந்தக் கொம்பனிக்கு அமெரிக்கர் தரவேண்டிய மிச்சம் ஒன்று இருந்தது. அது போதுமா, வீடு வரைக்கும் வருமா என்று அன்று ஒருவருக்கும் தெரியாது.

"தெரியாது அக்கா. அதுக்கு நீங்கள் உங்களுக்கெண்டு ஒரு லோயரைக் கேக்க வேணும், கெதியாக் கேக்க வேணும். இந்தக் கையெழுத்து பேப்பர் கிடைச்சுது எண்டதுக்கு மட்டும்தான். குடுக்க வேணும் எண்டு ஒத்துக்கொள்ளுறது இல்லை."

"வைக்காட்டி?"

"இண்டைக்கு அஞ்சு மணியோட அண்ணைக்கு ஒண்டும் இல்லை. பெடியளுக்கும் இல்லை."

தமையன் முன்னால் வந்தார். துடக்கு வீட்டில் கையெழுத்து வைக்கிற வழக்கம் எங்கே இருக்கிறது என்றார், அறுந்து போவான்கள் என்று திட்டினார். அந்த மனுசி திரும்பாமலே பேசினார்.

"ஆசுப்பத்திரிப் பேப்பரில வச்சனான். கவுன்சில் பேப்பரில வச்சனான். அவரை எரிக்கிறதுக்கும் நான்தான் வச்சனான். அப்பவெல்லாம் துடக்கு இல்லையோ அண்ணை?"

தமையன் ஓர் அடி விலகினார். அந்த மனுசி பேனைக்குக் கை நீட்டினார். சுவரில் வைத்து, முழுப் பெயரையும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி உருட்டி உருட்டி எழுதினார். பிரதியை வாங்கினேன். நன்றி சொல்வதா, துக்கம் சொல்வதா என்று தெரியவில்லை. செத்த வீட்டில் விடைபெறக் கூடாது, போயிட்டு வாறன் என்று சொல்லவே கூடாது. ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தேன். தெரு மூலையில் நின்று, மழைக்குக் கோட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு எழுதினேன்: நீலம், புதிய பூச்சு, திறந்தது செயலாளர்.

மோர்டனில் நோர்தேர்ன் லைன் சுரங்க ரயில் தொடங்குகிறது. எப்போதும் வெறும் பெட்டியில் இருக்கை கிடைக்கும். நான் இருக்கவில்லை. கதவோடு நின்றேன். கெனிங்ரனுக்கு அருகே சுரங்கத்தில் ரயில் மூச்சுப் பிடித்து நின்றது. மிஸ் ஹேல் சொன்ன கடைசி நாள் இதுதான் என்று நினைத்தேன். ஒப்பம் ஈரமாகிவிடுமோ என்று உறையை நெஞ்சோடு வைத்து அழுத்தினேன். ரயில் நகர்ந்தது. பிணைக் கொம்பனிக்குக் கிட்ட இருந்த பாங்க் நிலையத்தின் படிகளை ஓடி ஏறினேன். இந்த முழங்கால்களுக்கு அந்த ஓட்டம் இன்னும் நினைவிருக்கிறது.

பிணைக் கொம்பனியின் வரவேற்பு மேசைக்காரர் வீட்டுக்குப் புறப்பட்டு, ஒரு கை கோட்டிலும் ஒரு கை வெளியிலுமாக நின்றார். அவருக்கு முன்னால் மிஸ் ஹேல். கந்தோரை விட்டு இறங்காத மனுசி, கைப்பையின் பொருள்கள் எல்லாவற்றையும் அந்த மேசை மீது பரப்பி வைத்து, மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். கண்ணாடி அவர் தலையில் இருந்தது. அதை அந்த மனிதரும் பார்த்துக்கொண்டுதான் நின்றார், மரியாதைக்காகச் சொல்லவில்லை. என்னைக் கண்டதும் மிஸ் ஹேல் கண்ணாடியை இறக்கி மாட்டினார். பிரதியை வாங்கி ஒப்பத்தைப் பார்த்தார். முத்திரை குத்துங்கள், நேரத்தோடு, என்றார். குத்தினார்கள். வெளியே வந்து படியில் நின்று எனக்கு ஒரு பெப்பர்மின்ட் தந்தார். அதற்கு முன்னும் பின்னும் எனக்கு அது கிடைத்ததில்லை.

பிணைக் கொம்பனி கொஞ்சம் முறைத்துவிட்டுக் கொடுத்தது. பெடியளின் சம்பளம் தீர்ந்தது. எட்மண்டன் வீடு தப்பியது. அமெரிக்கர் பிடித்து வைத்திருந்த மிச்சத்திலிருந்து பிணைக் கொம்பனி தன் பங்கை எடுத்துக்கொண்டது, மோர்டன் வீட்டில் ஒருவரும் கை வைக்கவில்லை. இதெல்லாம் பிறகு, பல மாதங்களுக்குப் பிறகு தெரிந்தது. அந்தியேட்டி அன்று ஒன்றும் தெரியாது.

அன்று நான் போனேன். அழைப்பு வரவில்லை, வர வேண்டியதும் இல்லை. வாசலில் சப்பாத்தைக் கழற்றினேன். நீலக் கதவு அகலத் திறந்து கிடந்தது. வீடு கழுவிய ஈரம் காயவில்லை. செல்வரத்தினம் அண்ணை குசினி வாசலில் நின்று சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டார், இலை போட்ட இடத்தைக் கண்ணால் காட்டினார். தமையன் வந்து கறி வைத்தார், இரண்டாம் தரமும் கேட்காமலே வைத்தார். சாப்பிட்டு முடித்து, கை கழுவி, பழைய நினைப்பில் பேசாமல் வாசலுக்கு வந்து சப்பாத்தைத் தேடினேன். பின்னால் அந்த மனுசி வந்து நின்றார்.

"அண்டைக்கு ஒண்டும் சொல்லாமல் போனியள். துடக்குக் கழிஞ்சுது. இண்டைக்குச் சொல்லிப் போட்டுப் போங்கோ."

"போயிட்டு வாறன் அக்கா."

"வாங்கோ. பேப்பர் கொண்டராமல் வாங்கோ."